முன்னால கால் வெச்சவன்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாம். மரியாதைக்குச் சொல்லல, நெசமாவே வேண்டாம். ஜன்னல் சீட்டை விட்டுக் குடுத்துக் குடுத்தே பழகிட்டேன். சவரிமுத்துன்னு ஒருத்தன், என் சிநேகிதன். எங்க போனாலும் ஜோடியாத்தான் போவோம். பாவம் அவன்னு நான் ஜன்னலை அவனுக்கு விடுவேன். நீ உக்காருடான்னு அவன் எனக்கு விடுவான். நீ, நீன்னு நாங்க மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கறதுக்குள்ள மூணாவதா ஒருத்தன் வந்து உக்காந்து கண்ணை மூடிக்குவான். இந்தியா பூரா சுத்தியிருக்கேன், ஆனா பாத்ததெல்லாம் நடைபாதையில நின்னுதான்.

கோயம்புத்தூருக்கா? நானும் அங்கதான். மணி என்ன ஆகுது? அஞ்சாகப் போகுதா? அப்ப முதல் பாதி முடியற நேரம்.

இல்ல, எங்க ஊர்ல இன்னிக்கு ஃபைனல். ஃபுட்பால். ஊருன்னா பொன்மலை. பொன்மலையிலயும் மேல லைன். ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு வரிசை, அவ்வளவுதான், ஆனா மேல லைன் லெவன்னு சொன்னீங்கன்னா திண்டுக்கல் வரைக்கும் தெரியும். நம்ம டீம், நம்ம கிரவுண்டு, ஃபைனல். எதிர்ல அந்த திண்டுக்கல்காரனுங்களேதான். நான் என்னடான்னா ஜீயபுரத்துக்கிட்ட, ரோட்டைத் தோண்டிப் போட்ட இடத்துல, நகராத பஸ்ஸுல உக்காந்திருக்கேன். இவனுக்கு என்ன கிறுக்கான்னு தோணுதுல்ல? காரணம் இருக்கு. நீங்க எங்க லைன் ஆள் இல்லைங்கறதால சொல்றேன். வெளிய போகக் கூடாது.

எங்க லைன்ல ஃபுட்பால்னா சும்மா இல்ல தம்பி. கல்யாணத்துக்கு நாள் பாக்கறவங்க ஜோசியர்கிட்ட போறதுக்கு முன்னாடி கிளப்புக்கு வந்து எந்த ஞாயித்துக்கிழமை மேட்ச் இல்லேன்னு கேட்டுட்டுப் போவாங்க. என் கல்யாணமே ரெண்டு லீக் மேட்சுக்கு நடுவுலதான் நடந்துச்சு. தாலி கட்டி முடிச்சதும் நாயனக்காரர் முதக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடிட்டார். என் வீட்டுக்காரி இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா.

அந்த கிரவுண்டை நீங்க பாக்கணும். புல்லு பாதி, செம்மண்ணு பாதி. மேக்கால ஒரு பெரிய தண்ணி டேங்க். சாயங்காலம் ஆச்சுன்னா அந்த டேங்கோட நிழல் மெதுவா நகந்து வந்து கெழக்குக் கோல் போஸ்ட்டு முன்னால விழும். வெளியூர் கோல்கீப்பருக்கு அது தெரியாது. வெயில்லருந்து நிழலுக்குள்ள பந்து வந்துச்சுன்னா ஒரு நொடி கண்ணு மங்கும். அந்த ஒரு நொடி போதும் எங்க பசங்களுக்கு. டாஸ் ஜெயிச்சா ரெண்டாவது பாதியில அந்தப் பக்கம் அடிக்கற மாதிரிதான் கேப்போம். கல்கத்தாவுல அம்மாம்பெரிய ஸ்டேடியம் பாத்தேன், கொச்சியில லைட்டுப் போட்டு விளையாடறதைப் பாத்தேன், கோவாவுல கடல் பக்கம் எட்டிக்கூடப் பாக்காம ரெண்டு நாள் கிரவுண்டுலயே கெடந்தேன். எல்லாம் சரிதான். ஆனா ஒரு கிரவுண்டுலயாவது மேக்கால டேங்க் இருந்துச்சா? இல்லியே.

எப்படி இத்தனை ஊர் போனேன்னு கேக்கறீங்களா? அதான் விஷயம். சவரிமுத்து ராசியில்லாதவன்.

சிரிக்காதீங்க. நானும் ராசி, கீசி, சகுனம் இதெல்லாம் நம்பறவன் கிடையாது. பூனை குறுக்க போனா அதுக்கும் வேலை இருக்கும்னு விட்டுட்டுப் போறவன். ஆனா கண்ணால பாத்ததை என்ன பண்றது? நானும் அவனும் ஒர்க்ஷாப்புல ஒரே செக்‌ஷன். ஒரு வருஷம் காலனிக் கப்பு ஃபைனல். எங்களுக்கு ஷிஃப்ட். சங்கு ஊதறப்ப நம்ம டீம் மூணு கோல் முன்னால நிக்குதுன்னு சேதி வந்துச்சு. டிஃபன் கேரியரைத் தூக்கிட்டு ரெண்டு பேரும் ஓடினோம். கிரவுண்டு கேட்டு குறுகலா இருக்கும், ஒருத்தர் ஒருத்தராத்தான் நுழையணும். நுழைஞ்சோம். நுழைஞ்சு மூச்சு வாங்கறதுக்குள்ள ஒரு கோல் வாங்கினானுங்க. உக்காந்தோம், இன்னொண்ணு. நாலுக்கு மூணுல தோத்துட்டு வீட்டுக்கு வந்தோம்.

என்ன தம்பி? ஆமா, நானும் கூடத்தான் வந்தேன். இல்லேங்கல. ஆனா கேட்டுல முன்னால கால் வெச்சது யாரு? சவரி. நான் அவனுக்குப் பின்னால. ஒரு அடி பின்னால.

அது போகட்டும். அடுத்து தஞ்சாவூர்ல செமிஃபைனல். நமக்குப் பெனால்டி. நம்ம செபஸ்டின் பந்தை வெச்சுட்டுப் பின்னால போறான், கிரவுண்டே மூச்சை அடக்கிக்கிட்டு நிக்குது, சவரி தும்மறான். பந்து கம்பத்து மேல போயிடுச்சு. நானும் தும்மினேன்னு வைங்க. ஆனா அது தூசியினால. எனக்குத் தூசி ஒத்துக்காது, ஊருக்கே தெரியும்.

இப்படியே நாலஞ்சு ஆச்சு. லைன்ல முணுமுணுன்னு பேச ஆரம்பிச்சாங்க. நான் போனா பேச்சை நிறுத்திடுவாங்க. சவரி என் சிநேகிதனாச்சே, என் காதுல விழக் கூடாதுன்னு ஒரு இங்கிதம். எங்க லைன் ஆளுங்க மாதிரி இங்கிதமான ஆளுங்களை நீங்க எங்கயும் பாக்க முடியாது.

அப்பத்தான் ஜெரால்டு கிளப்புக்கு செகரட்டரியா வந்தான். நல்ல பையன், எங்க லைன்லயே பொறந்து வளந்தவன். ஒரு நாள் என்னைத் தண்ணி டேங்குக்குப் பின்னால கூட்டிட்டுப் போனான். "அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். சவரியண்ணன் காலு சரியில்லண்ணே. அவர்கிட்ட நேரா சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவார். பெரிய மேட்ச் வர்றப்ப நீங்கதான் எங்கயாவது வெளியூருக்குக் கூட்டிட்டுப் போயிடணும். உங்களால மட்டும்தான் முடியும். நம்ம லைனுக்காகப் பண்ணுங்கண்ணே"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான்.

நம்ம லைனுக்காகன்னு சொன்னதுக்கு அப்புறம் மாட்டேன்னா சொல்லுவேன்?

மறுநாள் பாத்தா அதே டேங்குக்குப் பின்னாலருந்து சவரி வர்றான். கூடவே ஜெரால்டு. சவரிக்கு மூஞ்சி தொங்கிக் கெடக்கு. நேரா வந்து என் தோள்ல கை போட்டுக்கிட்டு, "வேலாயுதம், நாம எங்கயாவது வெளியூர் போயிட்டு வருவோமாடா?"ங்கறான். எனக்கு சிரிப்பை அடக்க முடியல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு நான் ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தா, அவனே வந்து வலையில விழறான்! வேலை சுலபமாப் போச்சு.

அன்னிலருந்து ஆரம்பிச்சதுதான். ரயில்வேல பாஸ் உண்டுல்ல? எல்லாரும் அதை வெச்சுக்கிட்டு காசி, ராமேஸ்வரம்னு போனாங்க. நாங்க ஜெரால்டு சொன்ன ஊருக்கெல்லாம் போனோம். அவனும் சும்மா அனுப்ப மாட்டான், ஏதாவது வேலை குடுப்பான். கல்கத்தாவுல கோல்கீப்பர் எப்படி நிக்கறான்னு பாத்துட்டு வாங்க. கோவாவுல கார்னர் எப்படி அடிக்கறாங்கன்னு பாத்துட்டு வாங்க. நாங்க பாத்துட்டு வந்து சொல்லுவோம், அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேப்பான்.

கரக்பூர்ல ஒரு கூத்து நடந்துச்சு, சொல்லியே ஆகணும். அதுவும் ரயில்வே ஊர்தானே. விடியக்காலம் எறங்கறோம். தூக்கக் கலக்கம். ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா அதே செங்கல் வீடு, அதே ஓடு, அதே குறுக்குச் சந்து. வெள்ளைக்காரன் ஒரே படத்தை வெச்சுக்கிட்டு எல்லா ஊர்லயும் கட்டிட்டுப் போயிருக்கான். எங்க காலு பாட்டுக்கு நடக்குது. திரும்பற இடத்துல திரும்புது. சவரி ஒரு வீட்டுப் படி ஏறி, கதவைத் தள்ளிட்டு உள்ள போய், சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டான். நான் கொல்லைப்பக்கம் போய் காலைக் கழுவிக்கிட்டு இருக்கேன். உள்ளருந்து ஒரு பொம்பளை தெலுங்குல கத்தறா! அப்பத்தான் எங்களுக்கு முழிப்பே வந்துச்சு. ஆணிகூட அதே இடத்துல அடிச்சிருக்கான் தம்பி, நாங்க என்ன பண்ண முடியும்? அப்புறம் அந்தம்மா வீட்டுக்காரர் வந்து விஷயம் கேட்டு, அவரும் ஒர்க்ஷாப்புங்கறதால சிரிச்சு, டீ போட்டுக் குடுத்து, அவங்க டீம் பிராக்டீஸ் பாக்கக் கூட்டிட்டுப் போனார். அங்கயும் டேங்க் இருந்துச்சு. ஆனா கிழக்கால. பிரயோஜனம் இல்ல.

கோவாவுல எனக்குக் காய்ச்சல். ஊருக்கே போயிடலாம்டான்னு கெஞ்சறேன். அன்னிக்கு இங்க ஃபைனல், நான் அதைக்கூட மறந்துட்டேன், அப்படி ஒரு காய்ச்சல். சவரி விடமாட்டேங்கறான். டிக்கெட்டை எடுத்து அவன் பனியனுக்குள்ள வெச்சுக்கிட்டான். "மேட்ச் முடியட்டும்டா, அப்புறம் உன்னைத் தூக்கிட்டே போறேன்"ங்கறான். விடிய விடிய ஈரத்துணி போட்டு, கஞ்சி வாங்கிட்டு வந்து ஊட்டி, பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டான். ஆனா டிக்கெட்டை மட்டும் குடுக்கல. ஊர் சுத்தறதுல அவனுக்கு அவ்வளவு ஆசை. ஜெயிச்சுட்டோம்னு போன் வந்ததும் என் தலையைத் தடவிக் குடுத்து, "நல்லா இருப்பேடா நீ"ன்னான். அவன் கண்ணுல தண்ணி. பாவம், தன்னை ஏன் வெளிய கூட்டிட்டு வந்தாங்கன்னுகூடத் தெரியாத ஜென்மம்னு எனக்கும் அழுகை வந்துடுச்சு.

ஆமா தம்பி, ஜெயிச்சுடுவோம். நாங்க வெளியூர்ல இருந்தா பெரும்பாலும் ஜெயிச்சுடுவோம். என் வீட்டுக்காரி புளிசோறு கட்டிக் குடுக்கறப்பவே, "நீங்க போங்க, நீங்க போனா ஜெயிச்சுடும்"பா. அவளுக்கு என் மேல அப்படி ஒரு நம்பிக்கை. கிளம்பற அன்னிக்கு லைனே வாசல்ல வந்து நின்னு கை காட்டும். ஒரு வீட்ல முறுக்கு, ஒரு வீட்ல பழம். மந்திரிக்குக்கூட அந்த மரியாதை கெடைக்காது.

என்னமோ சொல்ல வந்தீங்க? சும்மாவா? சரி.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, மனசு விட்டு. மேல லைன் ஒரு தடவைகூட கப்பைத் தூக்கறதை நான் என் கண்ணால பாத்ததில்ல. திரும்பி வந்து, கிளப்பு அலமாரியில இருக்கற கப்பைத் தொட்டுப் பாப்பேன். யாரு அடிச்சா, எந்தக் கால்ல அடிச்சான்னு ஆளாளுக்குச் சொல்லுவாங்க. கேட்டுக்கிட்டே நிப்பேன். கல்யாணத்துக்குப் போகாம மறுநாள் போய் மிச்ச சாதம் சாப்பிடற மாதிரிதான். ஆசை இருக்காதா? இருக்கு. ரொம்ப இருக்கு. சிநேகிதன் மனசு நோகக் கூடாதுன்னு அத்தனையும் விட்டேன்.

போன வருஷம் சவரி, மகன் வீட்டோட இருக்கலாம்னு கோயம்புத்தூருக்குப் போயிட்டான். வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அவன் ஜன்னல் சீட்டுல உக்காந்திருந்தான், விட்டுக் குடுக்க ஆள் இல்லாம. அது என்னமோ பாக்கவே நல்லா இல்ல. வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அவன்தான் ஊர்லயே இல்லியே, இனிமே நான் மேட்ச் பாக்கலாமே! ஃபைனலுக்குன்னு வெள்ளைச் சட்டையெல்லாம் தேய்ச்சு வெச்சேன். நேத்து ஜெரால்டு ஓடி வர்றான். "அண்ணே, சவரியண்ணன் மேட்சுக்குக் கிளம்பி வர்றாராம்ணே. நீங்க உடனே கோயம்புத்தூர் போய் அவரை அங்கயே பிடிச்சு வெச்சுக்கணும்." எனக்குக் கோபமே வந்துடுச்சு. நம்ம கிரவுண்டுல நடக்கற ஃபைனல்டான்னேன். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான் வர்றேன், வீட்லயே இருடான்னு ராத்திரியே சவரிக்குப் போன் போட்டேன், இருக்கேன்னான். இன்னிக்கு அவனே ஸ்கூட்டர்ல கொண்டாந்து, பஸ் ஏத்தி, பஸ் நகர்ற வரைக்கும் நின்னு கை காட்டிட்டுப் போனான். மேட்ச் நாள் அன்னிக்கு ஒரு செகரட்டரி எனக்காக அவ்வளவு நேரம் நின்னான்னா பாத்துக்குங்க.

இருங்க, போன் அடிக்குது. ஜெரால்டுதான்.

சொல்லுப்பா... என்னது? ஒண்ணுக்கு சைபரா? யாரு, அவனுங்களா? எப்படிப்பா? நான்தான் ஜீயபுரம் வந்துட்டேனே! சவரியும் கோயம்புத்தூர்ல... சரி, சரி, வெச்சுடு.

நம்ம மேல ஒரு கோல் போட்டுட்டானுங்க தம்பி. எப்படி? எனக்கு ஒண்ணும் புரியலியே. அவன் கோயம்புத்தூர்ல இருக்கான். நான் பஸ்ஸுல இருக்கேன். ரெண்டு பேரும் இல்லாம எப்படி கோல் விழும்? இருங்க, அவனுக்கே ஒரு போன் போடறேன்.

ஹலோ, சவரி! எங்கடா இருக்கே? வீட்லயா? வீட்ல என்னடா அவ்வளவு சத்தம்? டிவியா? டேய், டிவியில எப்படிடா நம்ம கிரவுண்டு பக்கிரிசாமி மைக்ல பேசறான்? சோடாக் கடைக்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிடறது என் காதுல விழுதுடா! சவரி... டேய்... கிரவுண்டுலயா இருக்கே?

பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா! காலையில ரயிலைப் பிடிச்சு திருட்டுத்தனமா வந்து உக்காந்திருக்கான். நான் சொன்னேன்ல? கண்ணு முன்னால நிரூபணம்!

டேய், நான் சொல்றதைக் கேளு. எழுந்து வெளிய போ. காரணமெல்லாம் கேக்காத, போ... என்னது? என்னடா கத்தறாங்க? சவரி? சவரி! கோலா? யாருடா அடிச்சா? நம்மளா? கெழக்குப் பக்கமா? நிழல்லயா! ஹையோ!

தம்பி, ஒண்ணுக்கு ஒண்ணு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, பாக்கட்டும். ஒண்ணுக்கு ஒண்ணு!

ம்... சொல்லுடா. கேக்குது... ஏன்டா அழறே? ம்... ம்... சரி... சரிடா.

வெச்சுட்டான்.

இருங்க தம்பி, ஒரு வாய் தண்ணி குடுங்க.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கோல் விழுந்ததும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சாங்கடா. நான் பக்கத்துல திரும்பினா நீ இல்லடா. இத்தனை வருஷம் உன்னை ஊர் ஊரா வெளிய இழுத்துக்கிட்டு அலைஞ்சேன், போதும்டா. ஜெயிச்சா ஜெயிக்கட்டும், தோத்தா தோக்கட்டும். நீ கிளம்பி வா. நான் எழுந்து கேட்டுக்கிட்ட போய் நிக்கறேன். நீ வர்ற வரைக்கும் உள்ள போக மாட்டேன். சேர்ந்து கால் வெச்சுப் போவோம்"ங்கறான்.

என்னை அவன் வெளிய இழுத்துக்கிட்டு அலைஞ்சானாம்! கேட்டீங்களா? சந்தோஷத்துல மாத்திப் பேசறான் பாவம். வயசாச்சுல்ல, யாரு யாரைக் கூட்டிட்டுப் போனாங்கன்னுகூட மறந்துபோச்சு அவனுக்கு.

என்ன தம்பி? இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கொஞ்சம் வழி விடுங்க, நான் எறங்கறேன். பஸ்தான் நகரலியே, அந்தப் பக்கம் போற வண்டி எதையாவது கை காட்டி நிறுத்திப் போயிடுவேன். கூடுதல் நேரம் போனா மேட்சே கெடைக்கும். இல்லேன்னா கப்பு குடுக்கறதையாவது பாப்போம். யாருக்குக் குடுத்தா என்ன, கேட்டுல அவன் தனியா நிக்கறான்.

கண்டக்டர், எறங்கணும்ப்பா! டிக்கெட் கெடக்கட்டும், எறங்கணும்.

என் புளிசோத்தை நீங்க எடுத்துக்குங்க தம்பி, கோயம்புத்தூர் போய்ச் சேர நேரமாகும். ஒரே ஒரு விஷயம். என்னிக்காவது பொன்மலைப் பக்கம் வந்தீங்கன்னா மேல லைனுக்கு வாங்க. சவரியையும் பாக்கலாம். ஆனா நான் சொன்னதை அவன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. நானும் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன். ராசியில்லாதவன்னு ஒரு மனுஷனை மூஞ்சிக்கு நேரா எப்படித் தம்பி சொல்றது?